இப்படிக்கு, மெஷின்

"உன் விரல் ருசியா இருந்துச்சு. அடுத்தது யாரு? இப்படிக்கு, மெஷின்."

அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வெட்டும் மெஷின்மேல் ஒட்டியிருந்த போஸ்டரை முதலாளி இரண்டாம் தடவையாகப் படித்தார். பழைய பேப்பரிலிருந்து கிழித்து, கோடு போட்டதுபோல் நேராக ஒட்டிய எழுத்துகள். நடுவில், பல்லை இளிக்கும் ரோஸ் கலர் மண்டையோடு.

"யார் வேலை இது?"

எல்லார் கண்ணும் பேக்கிங் பிரிவுப் பெண்மேல் போனது. இரண்டு பக்கமும் மழித்து, நட்டநடுவில் பச்சையாக நிமிர்ந்து நிற்கும் முடி. காது நெடுக ஊக்கு. 'சேவல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"விசாரிக்கவே வேண்டாம். தலையிலேயே எழுதி ஒட்டியிருக்கு," என்றார் முதலாளி.

பக்கத்தில் டை கட்டி நின்ற பாதுகாப்பு அதிகாரியைக் காட்டினார். "நம்ம ஆபீசரும்தான் நோட்டீஸ் போட்டாரு. 'கைகளை உள்ளே விட வேண்டாமெனப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' எவ்வளவு கௌரவமா இருந்துச்சு!"

"அதை யாரும் படிக்கலை சார்," என்றார் சூப்பர்வைசர். "போன மாசம் ஆபரேட்டருக்கு ரெண்டு விரல் போச்சு. இதை ஒட்டினப்புறம், தடுப்பு மாட்டாம ஒருத்தனும் மெஷின்கிட்டயே போக மாட்டேங்கிறான்."

"அதான் வேலை மந்தமாயிடுச்சு! விரல் முக்கியமா, கம்பெனி மானம் முக்கியமா?"

கூட்டத்தில் ஒருத்தர் தன் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நான்தான் சார் ஒட்டினேன்," என்றாள் சேவல்.

"ஒரு மாசம் இந்தப் பக்கம் தலைகாட்டாதே. அதுவும் அந்தத் தலையை!"

கேட்டுக்கு வெளியே அவளை மூச்சிரைக்க ஓடிவந்து பிடித்தார் பாதுகாப்பு அதிகாரி.

"ஏம்மா, நீ ஒட்டலைன்னு எனக்குத் தெரியும். எதுக்குப் பழியைத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்டே?"

"எனக்கு ஒரு மாசத்தோட போச்சு சார். ஒட்டினவருக்குன்னா வேலையே போயிருக்கும். அப்புறம் மத்த மெஷினுக்கெல்லாம் யாரு ஒட்டுவாங்க?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டார்.

நாலடி நடந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு சார். இந்த மாதிரி போஸ்டர்ல எழுத்தை ஸ்கேல் வெச்சு நேரா ஒட்டக் கூடாது. அடுத்த தடவையாவது கொஞ்சம் கோணலா ஒட்டுங்க!"