மேல் அலமாரி

விடியலில் துபாயிலிருந்து வந்து இறங்கிய நெய்னா முகம்மதுக்கு அடுப்படியைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. போன லீவில் ஆசையாகக் கட்டிக் கொடுத்த மேல் அலமாரி காலியாகக் கிடந்தது. டப்பாக்கள் எல்லாம் தரையில் இருந்தன. கொல்லையில் துணிக்கொடிகூட இடுப்பளவில்தான் தொங்கியது.

மனைவி ஜுனைதா மீன் வாங்கப் போன நேரத்தில் டப்பாக்களை மேலே ஏற்றினான். கொடியையும் உயர்த்திக் கட்டினான்.

திரும்பி வந்தவள் இடது கையை மட்டும் நீட்டி உப்பு டப்பாவை இழுத்தாள். அது நழுவி விழுந்து உப்பு சிதறியது.

“ரெண்டு கையாலயும் எடுத்தா என்ன? அம்புட்டுச் சோம்பலா?”

“வலது கை தோளுக்கு மேல ஏறாது மச்சான்.”

“ஏன், என்னாச்சு?”

“போன வருஷம் மார்புல கட்டின்னு ஆபரேஷன் பண்ணுனாக. அப்பருந்து இப்படித்தான். சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடி வந்திருப்பீக.”

சிதறிய உப்பை அள்ளக் குனிந்தவன் நிமிர்ந்தான். “தெனமும் வீடியோ கால்ல உன்னையப் பாத்துக்கிட்டுத்தானே புள்ள இருந்தேன்?”

“போன்ல மொகம் மட்டுந்தானே தெரியும்.”

அவள் சமாதானமாகத்தான் சொன்னாள். அவன் கொல்லைக்குப் போய்க் கொடியை அவிழ்த்து, பழையபடி இடுப்பளவில் கட்டப் பார்த்தான். முடிச்சு விழவே மாட்டேன் என்றது.