கரடி கை தூக்கியது

தேன் தின்று சொத்தையான கடைவாய்ப் பல்லோடு கரடி மரங்கொத்தி டாக்டரிடம் வந்தது. முன்பு ஒரு தரம் குரங்கு வைத்தியர் ஆள் வைத்து அமுக்கித்தான் பல் பிடுங்கினார். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

"வலிச்சா கையத் தூக்குங்கண்ணே, நிறுத்திடுறேன்" என்றது மரங்கொத்தி.

'எல்லாரும் சொல்றதுதானே!' அலகு பல்லில் படும் முன்பே கரடி கை தூக்கியது. மரங்கொத்தி நிறுத்தியது.

"வலிக்குதாண்ணே?"

"இல்ல, சும்மா."

"சரி, இருக்கட்டும்."

தொட்டதும் மறுபடி தூக்கியது. மரங்கொத்தி மறுபடியும் நிறுத்தியது, முகம்கூடச் சுளிக்கவில்லை. அப்புறம் கரடி கையை மடியில் வைத்துக்கொண்டு வாயை நன்றாகத் திறந்தது. பல் வந்துவிட்டது.

கரடி மறுபடி கை தூக்கியது.

"அதான் முடிஞ்சிடுச்சேண்ணே?"

"அந்தப் பக்கமும் ஒண்ணு வலிக்குது டாக்டர். பயந்துகிட்டுச் சொல்லல."