பூக்கக் கூடாத பேரி மரம்

வள்ளிநாயகி பதினோராவது மொட்டைக் கிள்ளும்போதே ஆள் எண்ணும் பெரட்டு மணி அடித்துவிட்டது.

இன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாக.

கிள்ளியதை மடியில் முடிந்துகொண்டு எழுந்தாள். வாசல் மரத்தின் உள்கிளைகளைப் பார்க்க நேரமில்லை.

யாரும் வேலைக்குப் போக வேண்டாம், அவரவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று வேலை வாங்கும் மண்டோர் கத்திக்கொண்டே போனார். சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி வந்துவிட்டாராம். இந்த முறை சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க அல்ல. ஜப்பான்காரர்கள் தங்கள் பட்டாளத்திலேயே பர்மா சண்டைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பயிர் வேலை பார்க்கிற சிப்பாய்கள் மட்டும் இங்கேயே இருக்கலாமாம்.

பக்கத்து வீட்டுச் செல்லம் வழக்கம்போல் சீண்டினாள்.

"அந்த மரத்துக்குச் செய்யுற பணிவிடையில பாதிய அண்ணனுக்குச் செஞ்சிருந்தா, அண்ணன் இப்படி எலும்பா நிப்பாரா?"

வள்ளிநாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லத்தின் புருசன் சயாமுக்குப் போய் ஏழு மாதம். ஒரு சேதியும் இல்லை.

அவள் புருசன் சன்னாசி சயாமுக்குப் போகாமல் தப்பியது இந்த மரத்தால்தான்.

சுவா ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்ட அவனை விட்டால் ஆளில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் பயிர் வேலைக்கென்று வந்திருந்த கிமுரா என்ற இளம் ஜப்பான் சிப்பாய் தன் ஊரிலிருந்து வந்த பேரிக்கன்றைப் பிஸ்கட் டின்னோடு கொண்டுவந்து கொடுத்தான். கன்று உயிரோடு இருக்கும்வரை சன்னாசி பெயர் சயாம் பட்டியலில் வராது என்று கணக்கெழுதும் கிராணி மொழிபெயர்த்தார்.

நட்ட இரண்டாம் மாதமே மழையில் கன்று வேரோடு அழுகிவிட்டது.

அன்றைக்கே சன்னாசி முனியாண்டி கோயில் செம்பருத்தியில் ஒரு குச்சியை ஒடித்துவந்து அதே குழியில் நட்டான். பளபளக்கும் இலை, ஓரமெல்லாம் பல். பார்ப்பவனுக்கு எது பேரி, எது செம்பருத்தி? கிமுராவுக்கும் தெரியவில்லை. அவன் பேரி மரத்தையே பார்த்திராத பட்டணத்தானாக இருக்கும் என்று சன்னாசி சொன்னான்.

பூத்தால்தான் ஆபத்து. செம்பருத்தியோ நாள் தவறாமல் பூக்கும்.

ஒரு வருடமாக விடிந்ததும் மொட்டுக் கிள்ளுவதுதான் அவள் முதல் வேலை. சாலைப் பக்கத்துக் கிளைகளில் மட்டும் அதிகம் இருக்காது. வெட்டுக்கிளி தின்றுவிடும். அந்த மட்டுக்கும் மிச்சம்.

வண்டிச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பார்த்தாள். உள்பக்கம், இடுப்பு உயரத்தில், ஒரு மொட்டு பாதி விரிந்திருந்தது. சிவப்பாக.

நான்கு எட்டு வைத்தால் பறித்துவிடலாம். அசையக் கூடாது என்பது உத்தரவு.

பெரிய அதிகாரி நேராக மரத்தடிக்கே வந்தார். கிமுரா முன்னே ஓடிப்போய் மரத்தை ஒட்டி நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மளமளவென்று ஏதோ சொன்னான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இலைகளைப் பார்த்தார்.

எப்போது காய்க்கும் என்று கேட்கிறார் என்றார் கிராணி.

சன்னாசி இலையைப் பார்த்தபடி சொன்னான்.

"இன்னும் மூணு வருசம் ஆகும், துவான்."

அதிகாரி தலையாட்டினார். தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். கிமுரா பெருமூச்சு விட்டது அவளுக்கே கேட்டது.

பக்கவாட்டில் நின்ற வள்ளிநாயகி கிளையைத் தேடினாள். பூவைக் காணவில்லை.

அவர்கள் திரும்பினார்கள். லயத்து வரிசை வீட்டுச் சனமே இடுப்பை வளைத்துத் தலை குனிந்தது. அவளும் குனிந்தாள். குனிந்த கண்ணுக்கு இடுப்புக்கு மேலே எதுவும் தெரியாது.

அதிகாரியின் பூட்ஸ் கடந்துபோன பிறகு, பின்னால் வந்த இன்னொரு பூட்ஸ் அவள் முன் ஒரு நொடி நின்றது.

பக்கத்தில் தொங்கிய கை மூடியிருந்தது. விரலிடுக்கில் சிவப்புச் சாறு கசிந்தது. கட்டைவிரல் நகத்துக்குள் அதற்கும் முந்திய கறை, கழுவியும் போகாமல், கரும்பச்சையாக.

அதே கறை அவள் நகத்திலும் ஒரு வருடமாக இருக்கிறது.

சாலைப் பக்கத்து மொட்டுகளைத் தின்றது வெட்டுக்கிளி என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள்.