வேரோடு வந்தவ

செடி பேசுற கதைன்னதும், "என்னைப் பறிக்காதீங்க"ன்னு அது அழப்போகுதுன்னு கைக்குட்டையை எடுத்துட்டீங்களா? உள்ள வைங்க. இந்தச் செடிக்குத் தலகால் புரியாத பெருமை.

காட்டுல செடி சேகரிக்க வந்தவங்க, கூடாரத்துல அதைப் பழைய பேப்பருக்கு நடுவுல படுக்க வெச்சு, மரச்சட்டம் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. காஞ்சதும் அட்டையில ஒட்டி, பேரு எழுதி, காலத்துக்கும் பத்திரமா வெச்சுப்பாங்க. பக்கத்துத் தாள்ல ஒரு நாவல் மரத்துக் கிளை படுத்திருந்துச்சு.

"என்னடி, உன்னைக் கையை மட்டும் ஒடிச்சுக் கொண்டாந்திருக்காங்க?"ன்னு செடி கேட்டுச்சு. "என்னைப் பாரு. வேரு, பூ, காயின்னு ஒண்ணு விடாம முழுசா! மண்ணைக்கூட பிரஷ்ஷால தட்டி விட்டாங்க, தெரியுமா?"

"எங்கம்மா பெரிய உருவம்க்கா. பேப்பர்ல அடங்கமாட்டா. அங்கேயே நிக்கிறா."

"நிக்கட்டும், நிக்கட்டும். மரியாதை எல்லாருக்குமா கிடைக்கும்?"

அப்போ தாள் மடிப்புல மாட்டியிருந்த எறும்பு ஒண்ணு நெளிஞ்சு வெளிய வந்துச்சு.

"ஏ எறும்பு, காட்டுக்குத்தானே போற? எங்க சனங்களைப் பாத்தா சொல்லு, நம்ம பேரு இனிமே அழியாதுன்னு. கேட்டா பூரிச்சுப் போவாங்க."

எறும்பு முழிச்சுச்சு.

"யாருகிட்டக்கா சொல்ல? மலை பூரா சுத்துறவ நான். உங்க கூட்டத்துல நீ ஒருத்திதானே மிச்சம் இருந்த."