புகை வரும் வேளை

ஆராய்ச்சிக்கூடக் கூண்டில் மூன்று வெள்ளெலிகள் இருந்தன. வாலில் சிவப்பு மை பூசிய எலிக்குத் தினமும் காலையில் சிகரெட் புகை கொடுப்பார்கள். பச்சை மை பூசியதற்குக் கஞ்சாப் புகை. மை பூசாத மூன்றாவதற்கு வெறும் காற்றுதான்.

"என்னுது எவ்வளவோ தேவலை. நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆனா தூக்கமே அண்டாது," என்றது சிவப்பு வால்.

"எனக்கும்தான் நெஞ்சு அடிக்குது. கண்ணு சிவக்குது, பசி கொல்லுது. நேத்து நடந்தது ஞாபகமில்ல. ஆனா கவலையும் இல்லையே!" என்றது பச்சை வால்.

யாருடைய இருமல் நல்ல இருமல் என்று இரண்டும் நாளெல்லாம் சண்டை போட்டன. நாளைக்கு மூன்றையும் அறுத்துப் பார்க்கப் போவதாக ஆட்கள் பேசியதை மூன்றாவது மட்டும் கேட்டிருந்தது.

மறுநாள் காலை புகை வரத் தாமதமாகிவிட்டது. சிவப்பு வால் கம்பியைக் கடித்தது. பச்சை வால் தீனியைத் தொடாமல் எரிந்து விழுந்தது. அப்போதுதான் மூன்றாவது கவனித்தது, கூண்டின் கொக்கியை யாரோ மாட்ட மறந்திருந்தார்கள்.

"கதவு திறந்திருக்கு! வாங்க, ஓடிடலாம்!"

இரண்டும் வாசல்வரை வந்து நின்றுவிட்டன. வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. எந்தப் புகையும் படாத நெஞ்சுதான் இப்போது வேகமாக அடித்தது.

"கொஞ்சம் இரு," என்றன இரண்டும், முதன்முறையாக ஒரே குரலில். "புகை வந்துரட்டும். ஒரே ஒரு இழுப்பு, உடனே கிளம்பிடலாம்."