கா மி ரோ

"அப்பன் அடுத்தவங்க வூட்டுல போயி உக்காந்துகினு காபி கேக்குறான். பொண்ணு நோட்டுல கிறுக்கிகினு கெடக்குது. நல்லா இருக்குடி உங்க குடும்பம்!"

தம்பி மகளிடம் கத்தினாள் ஆரோக்கியம்மாள். அவளுக்கு மானமே போய்விட்டது. பின்னே? நெய்வேலி குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. வாக்கிங் போன தம்பி பவுல்ராஜ், பக்கத்து ருக்குமணி வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். இந்த வாரத்தில் இது இரண்டாவது முறை.

ஸ்ட்ரோக் வந்ததில் கை கால் தப்பித்துவிட்டது. எண்கள்தான் திரும்பி வரவில்லை. இருபத்தாறு வருஷம் மைன்ஸில் கன்வேயர் நம்பர்களை மனப்பாடமாகச் சொன்ன மனிதருக்கு, சொந்த வீட்டு கேட்டில் இருக்கும் 39 வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது.

தாயில்லாத பெண் தனியாகத் தவிக்குமே என்று குள்ளஞ்சாவடியிலிருந்து ஒத்தாசைக்கு ஓடிவந்தவள் ஆரோக்கியம்மாள். வந்து பார்த்தால், காலேஜ் படிக்கும் ஷைனி புதிதாக ஒரு பாஷையையே உண்டாக்கிக்கொண்டிருக்கிறாள்!

"இருக்கிற பாஷை பத்தலயாடி ஒனக்கு?"

"பாஷை எப்பவோ முடிஞ்சிடுச்சு அத்தை. எண்ணிக்கையை மட்டும் மாத்துறேன். பன்னெண்டு பன்னெண்டா எண்ற மாதிரி வச்சிருந்தேன். இப்ப நாலு நாலா."

"ஆமா, அதான் இப்ப ரொம்ப முக்கியம்!"

அத்தை அன்றே முடிவு சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் இவன ஊருக்கு இட்டுகினு போறேன். அங்க வூட்டோட கெடக்கட்டும்."

"எனக்கு இங்கயே இருக்கணும்க்கா" என்றார் பவுல்ராஜ். கண் கலங்கிவிட்டது.

ஷைனி அப்போதும் நோட்டை மூடவில்லை. அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஒரு கோடு போட்டால் மி, இரண்டு கோடு கா, மூன்று கோடு ரோ.

"நம்ம வீடு ரெண்டு பதினாறு, ஒரு நாலு, மிச்சம் மூணு. அதை நீங்க கணக்குப் போட வேணாம்ப்பா. கா மி ரோ, அவ்வளவுதான்!"

அடுப்படியில் ஆரோக்கியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமை, அந்த வரிசையில் உள்ள எல்லா கேட்டிலும் ஷைனி சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டுவிட்டு வந்தபோது, இந்தப் பெண்ணுக்கு முற்றிவிட்டது என்றே தீர்மானித்தாள்.

ஞாயிறு காலை. பை கட்டியாகிவிட்டது. பவுல்ராஜைக் காணோம்.

அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியவளை ஷைனி இழுத்துப் பிடித்தாள். "கூப்பிடாதீங்க அத்தை. சும்மா பாருங்க."

தெருக்கோடியிலிருந்து பவுல்ராஜ் மெதுவாக நடந்து வந்தார். ருக்குமணி வீட்டு கேட்டில் நின்றார். கை தாழ்ப்பாளுக்குப் போனது.

ஆரோக்கியம்மாள் ஓடப் பார்த்தாள். ஷைனி பிடியை விடவில்லை.

பவுல்ராஜ் விரலால் கோடுகளைத் தடவினார். "கா... மி... கா." இல்லையென்று தலையாட்டினார். அடுத்த கேட்டுக்கு வந்தார். "கா... மி... ரோ!"

திறந்துகொண்டு தன் வீட்டுக்குள் போனார்.

ஆரோக்கியம்மாள் அப்படியே தெருவில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "மாதாவே, ஒனக்குக் கோடி தோத்திரம்!" ஷைனியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்டி. மனசுல வச்சுக்காத. ஆமா, அது ஏன் நாலு நாலா மாத்துன?"

"மூணு கோடு வரைக்கும் எண்ண அப்பாவுக்குக் குழப்பமே இல்ல அத்தை. அதுக்கு மேலதான் தடுமாறுறாரு. அதான், மூணுக்கு மேல இலக்கமே வைக்கல" என்றாள் ஷைனி. "என் பாஷையில அப்பாவுக்குத் தெரியாத இலக்கம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."