யார் கண் பட்டது?

போலீஸ் ஸ்டேஷன் மைதானத்தில் ஒரு மணல் லாரியும் ஒரு சின்னக் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. லாரியின் பம்பரில் ஒரேயொரு கீறல். காருக்கு வலப்பக்கக் கதவு இரண்டும் உள்ளே போயிருந்தன.

கிரேன் வந்து நின்றது. "தப்பு இல்லாதவங்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க. மத்தவங்க இங்கேயே கிடந்து துருப்பிடிக்க வேண்டியதுதான். யார் மேல தப்பு?"

"இந்தப் பொடிப்பய மேலதான்," என்றது லாரி. "பைபாஸ்ல இருந்து என்னையே முறைச்சுக்கிட்டு வந்தான். அவன் கண்ணு பட்டுத்தான் இப்படி ஆச்சு. நம்பலைன்னா என் சாட்சியைக் கேளு."

சாட்சி வேறு யாருமில்லை, திருஷ்டிக்காக லாரியின் பின்னால் கட்டித் தொங்கவிட்ட பழைய செருப்புதான்.

"ஆமா, கார் கண்ணை எடுக்காமத்தான் பார்த்துச்சு," என்றது செருப்பு. "நாம திரும்புறப்போ ஹாரன்கூட அடிச்சுது."

"கேட்டியா!" என்று லாரி ஒரு குலுங்கு குலுங்கியது. கொஞ்சம் மணல் கொட்டியது.

கார் மெதுவாகக் கேட்டது: "உங்க கண்ணு என் மேல பட்டுச்சாண்ணே?"

லாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கண்ணா? எங்க பரம்பரையிலேயே யாரும் அடுத்தவன் மேல கண்ணு போட்டதில்ல! இடது பக்கம் ஒடிக்கிறப்போ நீ அங்க இருக்கியா இல்லையான்னுகூட நான் பார்க்கல. சத்தியமா!"

கிரேன் காரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போனது.

லாரி திகைத்தது. "ஏன்டா செருப்பு, நான் பொய்யா சொன்னேன்?"

"சொல்லியிருந்தா தப்பிச்சிருப்போமேண்ணே!" என்றது செருப்பு.